ரிலீவிங் லெட்டர் ஒன்றும் பணயப் பொருள் அல்ல!

நோட்டீஸ் பீரியட் முடிஞ்சாச்சு. லேப்டாப்பை ஒப்படைச்சாச்சு. கேக் வெட்டி குரூப் போட்டோவும் எடுத்தாச்சு. ஆனா, ரிலீவிங் லெட்டர் மட்டும் வரலை!

வேலை மாறிய நண்பர்களில் ஒருவராவது இப்படிப் புலம்பிக் கேட்டிருப்பீர்கள். 'திங்கள்கிழமைக்குள் அப்லோட் பண்ணுங்க' என்கிறது புது கம்பெனி. பழைய கம்பெனி எச்.ஆர். போனையே எடுப்பதில்லை. நடுவில் தொங்குவது அடுத்த மாதச் சம்பளமும் இ.எம்.ஐ.யும்தான்.

இன்ன தேதியில் சேர்ந்தார், இன்ன தேதியில் விடுவிக்கப்பட்டார். ரிலீவிங் லெட்டர் சொல்வது அவ்வளவுதான். நடந்ததைப் பதிவு செய்யும் ஒரு தாள், நன்னடத்தைக்கான பரிசு அல்ல. பணத் தகராறு இருந்தால் அதைத் தனியாகத் தீர்க்க வேண்டும். கடிதத்தைப் பிடித்து வைத்து மிரட்டுவது நியாயமே இல்லை.

அதற்காக, கம்பெனி கேட்பதெல்லாம் தப்பு என்றும் சொல்ல முடியாது. 3 ஆண்டுகளுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, சண்டைக்குப் போகும் முன் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரை முழுசா படிங்க. நோட்டீஸ் நாள்கள் குறைந்திருந்தால், அதற்கான தொகையைக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், போனில் பேசுவதை நிறுத்துங்கள். எல்லாமே மெயிலில் இருக்கட்டும். ராஜினாமா மெயில், அதை ஏற்ற பதில், சம்பள சீட்டுகள், பொருள்களை ஒப்படைத்ததற்கான ரசீது ஆகியவற்றைக் கடைசி நாளுக்கு முன்பே சேமித்து வையுங்கள். கிளையன்ட் ஃபைல்களை மட்டும் தொடாதீர்கள். அது உங்களுக்கே வினையாகும்.

சம்பள பாக்கியைத் தனியாகக் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு 2 வேலை நாள்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லை என்றால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி போடவில்லையா? கடைசி பங்களிப்பு முடிந்து 2 மாதம் கழித்து, உறுப்பினர் போர்ட்டலில் ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே பதிவு செய்யலாம்.

இரண்டு மூன்று மெயிலுக்கும் பதில் இல்லை என்றால், வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பலாம். செலவுக்கு யோசிப்பவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி பற்றிக் கேட்கலாம். பெண்களும் பட்டியல் சாதியினர், பழங்குடியினரும் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறலாம்.

புது கம்பெனியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ராஜினாமாவை ஏற்ற மெயில், கடைசி சம்பள சீட்டு, பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி ஆகியவற்றைக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். அவசரத்தில் போலிக் கடிதம் தயாரித்தால், பின்புலச் சரிபார்ப்பில் மாட்டுவீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வேலை போய்விடும்.

இந்தச் சிக்கலில் புது கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. ஒருவர் வேலையை விட்டதற்கு வேறு இத்தனை ஆதாரம் இருக்கும்போது, அந்த ஒரு தாளையே கேட்டு அடம் பிடிப்பதால்தான் பழைய கம்பெனிக்கு அது ஆயுதமாகிறது. சம்பளத்துக்கு 2 நாள் கெடு விதித்த ஊதியச் சட்டத் தொகுப்பு, கடிதத்துக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. அதற்கும் ஒரு கெடு வேண்டும். எல்லா ஊழியருக்கும் பொதுவாக வேண்டும். அதுவரை, ஒவ்வொருவரும் தனித்தனியாக எச்.ஆர். வாசலில் கெஞ்சிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும்.