முதுகில் குத்துப்பட்டவனை மறக்கலாமா?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் பேச்சை எடுத்தால் வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி; மிஞ்சினால் ஆழ்வார்க்கடியான். 2022இல் படம் வந்ததிலிருந்து காரைக்குடியில் எந்தக் கல்யாண வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். நடுவில் நான் “கந்தமாறன்” என்று வாயெடுத்தால், “அந்த மடப்பயலா அண்ணே?” என்று கேட்டுவிட்டு அடுத்த பந்திக்கு எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அவன் மடையனாகவே இருக்கட்டும். ஆனால் எப்பேர்ப்பட்ட தொடக்கம் அவனுக்கு! வடபெண்ணைக் கரைப் படையில் வந்தியத்தேவனோடு காவல் இருந்தவன், கடம்பூர்ச் சம்புவரையர் மகன். தங்கை மணிமேகலையை நண்பனுக்கே கட்டிக்கொடுக்க ஆசைப்பட்டு, அவளிடம் அவன் புகழையே பாடியவன். பிறகு தஞ்சைச் சுரங்கவழியில் பெரிய பழுவேட்டரையரின் காவலன் அவனை முதுகில் குத்துகிறான். சேந்தன் அமுதன் வீட்டுக்குத் தூக்கிப் போய்க் காப்பாற்றுவது வந்தியத்தேவன். கண் விழித்த கந்தமாறனோ, குத்தியதே நண்பன்தான் என்று நம்புகிறான். இதைவிட நல்ல பகைக்கு எங்கே போவது? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது; இரண்டு பேருக்கும் வலி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கல்கி என்ன செய்தார்? நந்தினியின் அழகில் அவனை மயங்க வைத்து ஓரமாய் உட்கார்த்திவிட்டார். நண்பர்களுக்கிடையே நடந்திருக்க வேண்டிய பெரிய வழக்கு கோபப் பேச்சும் குத்தல் பேச்சுமாகக் கரைந்துபோனது.

சரி, ஒருவன் போனான். பார்த்திபேந்திர பல்லவனாவது தேறினானா? ‘சுழற்காற்று’ பாகத்தில் இளவரசர் அருள்மொழிவர்மரைக் காஞ்சிக்கு அழைத்துவர நண்பன் ஆதித்த கரிகாலன் அனுப்பி, கப்பலேறி ஈழம் போகிறவன் அவன். குந்தவையின் ஓலையோடு வந்தியத்தேவனும், முதன்மந்திரியின் செய்தியோடு ஆழ்வார்க்கடியானும் அதே இளவரசரைத் தேடி வந்து நிற்கிறார்கள். மூன்று தூது, மூன்று நோக்கம். இங்கேதான் வந்தியத்தேவனுக்குச் சரிக்குச் சரியான ஒருவன் கிடைத்தான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பாகத்திலேயே அவனும் நந்தினியைப் பார்க்கிறான், மயங்குகிறான். கந்தமாறனுக்குக் கொடுத்த அதே மருந்து!

கல்வெட்டுகளைப் பார்த்தால் வயிற்றெரிச்சல் இன்னும் கூடுகிறது. தொண்டைமண்டலக் கல்வெட்டுகளில் பார்த்திவேந்திரவர்மன் என்ற பெயர் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டத்தோடு வருகிறது. அது ஆதித்த கரிகாலனுக்கும் உரிய பட்டம். இருவரும் ஒருவரே என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஒரே வெற்றிக்கு இரண்டு நண்பர்கள் உரிமை கொண்டாடியிருந்தால்? ஒரு பாகமே எழுதலாமே! வந்தியத்தேவனுக்கு இருப்பதோ குந்தவையின் கணவர் என்ற சிறு குறிப்பு. அதிலிருந்து ஐந்து பாகத்துக்கு ஆளை எழுப்பத் தெரிந்த கைக்கு இது முடியாததா?

1950இலிருந்து 1954 வரை வாராவாரம் எழுதியவரின் பாடு எனக்கும் புரிகிறது. கதை சட்டென்று நின்றுவிட்டதே என்று வாசகர்கள் அன்றே குறைபட்டு, கல்கியும் முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டிவந்தது. நீண்ட தொடர்களுக்கே இந்தச் சாபம் இருக்கிறது போலும். ஜப்பானில் 1999 முதல் 2014 வரை வந்த ‘நருட்டோ’ படக்கதையை என் தங்கை மகன் விழுந்து விழுந்து படிக்கிறான். அதில் மந்திர வித்தை எதுவும் கைவராமல் வெறும் உடற்பயிற்சியாலேயே மேலே வந்த ராக் லீ என்ற பையனைப் பாதிக்குமேல் ஓரங்கட்டிவிட்டார்கள் என்று அவனுக்கு மனத்தாங்கல். வீட்டில் என் ஆதங்கம் புரிந்த ஒரே ஜீவன் அவன்தான்.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பழைய நூல்களையும் இதழ்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்தார். தொடர்கதையைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து பெட்டகத்தில் பூட்டுகிற ஊர் இது. இவ்வளவு பத்திரமாகக் காக்கிறவர்கள் கந்தமாறனுக்காக ஒரு கேள்வி கேட்டால் குறைந்தா போவார்கள்? ‘பொன்னியின் செல்வ’னுக்குத் தொடர்ச்சி எழுதுகிறவர்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்: தஞ்சையையும் பழையாறையையும் கொஞ்சம் விடுங்கள். கடம்பூர் மாளிகை எரிந்து, தங்கையும் போனபின் அந்தச் சம்புவரையர் மகன் எப்படி நாளைக் கழித்தான் என்று எழுதுங்கள்.