சுங்கச் சுவரும் தஞ்சை நெல்லும்

வியாபார மந்தம் வந்தாலும் சரி, வருமென்ற அச்சம் பிறந்தாலும் சரி, தேசங்கள் முதலில் தேடும் மருந்து சுங்க வரியே. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தது. அந்நாட்டையே பெருஞ் சந்தையாகக் கொண்டிருந்த நம் இறால் வியாபாரம் கலங்கிற்று. இறால் பண்ணைகளுள்ள வேதாரணியம் கரையும் அக்கலக்கத்துக்கு விலக்கன்று. பதிலுக்கு நாமும் சுவர் எழுப்ப வேண்டுமென்போர், இப்பிரதேசத்தின் பழைய அநுபவத்தைச் சற்றே ஆராய்வது நலம்.

1930 ஜூனில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளாதார நிபுணர்கள் வேண்டாமென்று எழுதியும், ஜனாதிபதி ஹூவர் ஸ்மூட்-ஹாலி சுங்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிற தேசங்களும் பதிலுக்கு வரியை உயர்த்தின. 1932-இல் ஒட்டாவா ஒப்பந்தங்களால் பிரிட்டன் தன் சாம்ராஜ்யத்துக்கு வேலி கட்டிற்று. 1929-க்கும் 1933-க்கும் இடையே உலக வர்த்தகத்தின் மதிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காயிற்று. சுங்கம் ஒன்றே இதற்குக் காரணமன்று. விலைகளின் வீழ்ச்சியும் பெருங் காரணம். ஆயினும் விழுந்தவன் ஊன்றி எழவேண்டிய கோலை இச்சுவர்கள் முறித்தன என்பதில் ஐயமில்லை.

அதன் பலனைத் தஞ்சை மிராசுதாரும் குத்தகைதாரரும் அநுபவித்தார்கள். வேறிடங்களில் சந்தை குறுகிய சயாம், சைகோன் அரிசி நம் துறைமுகங்களில் வந்து இறங்கிற்று. நெல் விலை சரிந்தது. கிஸ்தியும் கடன் வட்டியும் சரியவில்லை. பல வருஷக் கூக்குரலுக்குப் பின் 1935-இல் சர்க்கார் அந்நிய நொய்யரிசிக்கு மணங்கு ஒன்றுக்கு 12 அணா வரி விதித்தது. முழு அரிசிக்கு அவ்வரி இல்லை. பர்மா அப்பொழுது இந்தியாவின் பகுதியாகையால் ரங்கூன் அரிசிக்கும் தடையில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதைதான்!

கோடியக்கரையை அடுத்த உப்பளங்கள் கூறும் கதை இன்னும் கசப்பானது. 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி வேதாரணியத்தில் உப்பெடுத்த ராஜாஜியைச் சிறையிட்ட அதே ஆட்சி, அடுத்த வருஷம் அந்நிய உப்பின் மீது மணங்குக்கு 4½ அணா அதிகச் சுங்கம் போட்டது. சுதேசி உப்புக்குப் பாதுகாப்பு என்றார்கள். அவ்வருஷமே உள்நாட்டு உப்பு வரியையும் கூட்டினார்கள்! வெளியே வேலி, உள்ளே பாரம். இதனால் ஏழைக்கு என்ன லாபம்?

அரிசி மலிவானால் வாங்கியுண்பவனுக்கு நன்மைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவேதான் காப்பு வரி, அடிமாட்டு விலைக்கு வந்து குவியும் சரக்குக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் இருக்கவேண்டும் என்கிறோம். கிஸ்திக் குறைப்பும் கடன் நிவாரணமும் கூட வராத வரி வெறும் காகிதக் கவசமே. நம் சர்க்காரும் 2023 ஜூலை முதல் 2024 செப்டம்பர் வரை பாஸ்மதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. உண்பவனைக் காக்க எழுந்த அச்சுவர், விளைவித்தவனுக்கு வெளிச் சந்தையை அடைத்தது.

ஆகையால் அமெரிக்கச் சுவருக்கு மறுசுவர் விடையாகாது. புதிய சந்தைகளைத் தேடுவதும், நஷ்டமுற்ற உற்பத்தியாளனின் கடன் சுமையைக் குறைப்பதுமே சர்க்காரின் கடமை. சுவரின் உயரத்தை அளப்பதற்கு முன், அதன் நிழலில் யார் பிழைக்கிறார்கள், யார் வாடுகிறார்கள் என்று நம் பிரதிநிதிகளை ஜனங்கள் கேட்கவேண்டும்.