தவறு செய்தவரை சஸ்பெண்ட் செய்தால் மருத்துவமனை பாதுகாப்பாகிவிடுமா?

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பர் 3ஆம் தேதி ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் இருந்து வந்த ரத்தம் அது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. தமிழ்நாட்டையே உலுக்கிய செய்தி என்பதால் பலருக்கும் இது நினைவிருக்கும்.

ஆனால் இந்தத் தவறைக் கண்டுபிடித்தது யார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? ரத்த வங்கி இல்லை. மருத்துவமனையும் இல்லை. ரத்தம் கொடுத்த 19 வயது இளைஞரேதான். வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோது தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று அவராகவே போய்த் தகவல் சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இத்தனைக்கும் 2016இலேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

விஷயம் வெடித்ததும் ரத்த வங்கி ஊழியர்கள் மூன்று பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது. மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அந்த இளைஞர், டிசம்பர் 30 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்துபோனார். இந்தச் சங்கிலியில் முன்வந்து உண்மையைச் சொன்னது அவர் ஒருவர்தான்.

ஒரு மருத்துவமனையில் தவறு நடந்தால், அதை முதலில் பார்ப்பவர் வாயைத் திறந்து சொல்ல முடிகிறதா? 'நோயாளி பாதுகாப்புக் கலாசாரம்' என்று ஆய்வாளர்கள் சொல்வதன் சாரம் இந்தக் கேள்விதான்.

கலாசாரத்தை எப்படிங்க அளப்பாங்க?

அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2004இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது. நோயாளிகளுக்கு இல்லை, மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு. நர்ஸ், டாக்டர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர் என்று எல்லாரிடமும் 42 கேள்விகள். உங்க வார்டுல ஒருத்தருக்கொருத்தர் கைகொடுப்பீங்களா? ஷிஃப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போகுதா? தவறு நடந்தா அதைப் பற்றிப் பேசுவீங்களா, இல்ல யார் செய்தாங்கன்னு தேடுவீங்களா? இப்படிப் போகும். பல நாடுகள் இதைத் தங்கள் மொழிக்கு மாற்றிப் பயன்படுத்துகின்றன. இந்திய மருத்துவமனைகளிலும் இதை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

அமெரிக்க முடிவுகளில் ஒரு விஷயம் வருடா வருடம் திரும்பத் திரும்ப வந்தது. 'எங்க வார்டுக்குள்ள டீம் ஒற்றுமை நல்லா இருக்கு' என்று சொன்னவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். 'தவறு நடந்தா அதை எங்களுக்கு எதிரா பயன்படுத்த மாட்டாங்க' என்று நம்பியவர்கள் பாதிக்கும் குறைவு. ஒரு வார்டில் இருந்து இன்னொரு வார்டுக்கு, ஒரு ஷிஃப்ட்டில் இருந்து அடுத்த ஷிஃப்ட்டுக்கு நோயாளியை ஒப்படைப்பது சரியாக நடக்கிறது என்று சொன்னவர்களும் பாதியைத் தொடவில்லை. பக்கத்தில் நிற்பவரை நம்புகிறார்கள். மேலே இருப்பவரையும் அடுத்த கட்டடத்தில் இருப்பவரையும் நம்பவில்லை. இது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்துகிற சங்கதியாகத் தெரியவில்லை.

தவறு அதிகம் பதிவாகிற வார்டு மோசமான வார்டா?

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் இதைத்தான் 1990களில் ஆராய்ந்தார். நல்ல டீம் இருக்கும் வார்டில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கு தலைகீழ். நல்ல டீம்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! நோண்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது: அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் பேசப்பட்டது. பொறுப்பு நர்ஸிடம் போய் 'டோஸ் மாத்திக் கொடுத்துட்டேன்' என்று சொல்ல முடிந்தது. மற்ற வார்டுகளில் மூடி மறைத்தார்கள்.

ஆக, 'எங்க மருத்துவமனையில இந்த வருஷம் ஒரு தவறுகூட நடக்கல' என்று யாராவது பெருமை பேசினால் கொஞ்சம் பயப்படுவதே நல்லது.

செக்லிஸ்ட் இருந்தா போதாதா?

சென்னை பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் 2022 நவம்பர் 7 அன்று 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு முழங்காலில் ஜவ்வு அறுவை சிகிச்சை நடந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கட்டு இறுகி, ரத்த ஓட்டம் நின்றுபோனது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றினார்கள், காலை அகற்றினார்கள். 15ஆம் தேதி அந்தப் பெண் இறந்துபோனார். இரண்டு மருத்துவர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், போலீஸ் வழக்கும் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சை செக்லிஸ்ட்டில் 19 அம்சங்கள் இருக்கின்றன. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போவதற்கு முன் என்று மூன்று கட்டம். கடைசி அம்சம் இது: சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், நர்ஸ் மூன்று பேரும் சேர்ந்து, இந்த நோயாளி தேறுவதில் எதைக் கவனிக்கணும் என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். காலில் கட்டு போட்டிருந்தால் எத்தனை மணிக்கு அவிழ்த்துப் பார்ப்பது, விரல் நிறம் மாறினால் யாருக்குப் போன் போடுவது என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடப் பேச்சில் அடங்கிவிடும். இந்த வழக்கில் யார் தவறு என்பதை விசாரணைதான் சொல்லணும். ஆனால் ராத்திரி டியூட்டி நர்ஸ் ஒருவர் தானாகவே முடிவெடுத்துக் கட்டைத் தளர்த்தும் உரிமை நம் மருத்துவமனைகளில் இருக்கிறதா என்ற கேள்விக்கு, இரண்டு சஸ்பென்ஷன் உத்தரவு பதில் ஆகாது.

இதே செக்லிஸ்ட்டில் இன்னொரு அம்சமும் உண்டு. கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கிற எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் 'சார்', 'சிஸ்டர்', 'தம்பி' என்றே ஓடுகிற ஒரு தியேட்டரில், ஒருமுறை தன் பெயரைச் சத்தமாகச் சொன்ன ஜூனியர், அடுத்த முறை 'சார், இது இடது கால் இல்ல, வலது கால்' என்று சொல்வதற்கு கொஞ்சமாவது தைரியம் பெறுவார்.

டெல்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் இதைப் பரிசோதித்த முடிவுகள் 2009இல் வெளியாயின. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11இல் இருந்து 7 சதவீதமாகவும் இறங்கியிருந்தன. அப்புறம் என்ன, எல்லா நாடும் செக்லிஸ்ட்டை அச்சடித்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் கட்டாயமாக்கிவிட்டுக் கணக்கெடுத்தார்கள். 2014இல் வந்த முடிவு: சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. காகிதம் ஒன்றுதான், ஆனால் பேசுவதற்காக ஆரம்பித்தது டிக் அடிப்பதாக முடிந்துவிட்டது என்பது பலர் சொன்ன விளக்கம்.

நம்ம நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 60 அரசு மகப்பேறு மையங்களில் பிரசவ செக்லிஸ்ட்டைக் கொடுத்து, கூடவே பயிற்சியாளர்களையும் அனுப்பினார்கள். 2017இல் முடிவு வந்தது. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தவரை நடைமுறை நன்றாக மேம்பட்டது. அவர் வருவது நின்றதும் சரிந்தது. தாய், சேய் மரணங்கள் குறையவில்லை.

தமிழ்நாடு ஒருமுறை இதைச் செய்து காட்டியது

1990களிலேயே தமிழ்நாட்டில் பிரசவத் தாய்மார்களின் மரணங்களை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்ய ஆரம்பித்தார்கள். எந்த டாக்டர் தப்பு செய்தார் என்று தேடுவதோடு நிற்காமல், வண்டி ஏன் லேட் ஆச்சு, ரத்தம் ஏன் கிடைக்கல, எந்த இடத்தில் இருந்து எந்த இடத்துக்கு ஏன் அலையவிட்டார்கள் என்று தேடினார்கள். இறந்தவரின் குடும்பத்தாரும் வந்து நடந்ததைச் சொன்னார்கள். ரத்த சேமிப்பு வசதி, 24 மணி நேர அவசரப் பிரசவ மையம் எல்லாம் வலுப்பட்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் லட்சம் பிரசவங்களுக்குத் தாய் மரணம் 54. அப்போது தேசிய சராசரி 97. பக்கத்து மாநிலமான கேரளாவில் மகப்பேறு மருத்துவர் சங்கம் 2004 முதல், பெயர் வெளியே வராத ரகசிய ஆய்வாகவே இதைச் செய்கிறது.

ஆனால் சமீப ஆண்டுகளில் இந்தத் தணிக்கைக் கூட்டங்கள் குற்றவாளிக் கூண்டு மாதிரி ஆகிவிட்டன என்று அரசு மருத்துவர்கள் குறைப்படுகிறார்கள். அது உண்மையானால், அடுத்த மரணத்தின் கேஸ் ஷீட்டில் நடந்ததை அப்படியே எழுதுவதற்கு யாருக்குக் கை வரும்?

படூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஓ.எம்.ஆரில் உள்ள படூரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி, அடுக்குமாடிக் குடியிருப்பு, ஐ.டி. அலுவலகம் என்று சுற்றிலும் நெரிசல். பக்கத்தில் கேளம்பாக்கத்திலேயே தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு வசதிதான் வேண்டும், பெரிய சிகிச்சையும் வேண்டும் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அது 30 கிலோமீட்டருக்கு மேல். இல்லையென்றால் சென்னை. ஓ.எம்.ஆரில் பைக்கில் அடிபட்ட ஒருவர் ஆம்புலன்ஸ், முதல் மருத்துவமனை, இரண்டாவது மருத்துவமனை, அங்கே காஷுவால்ட்டி, பிறகு வார்டு என்று ஒரே ராத்திரியில் நாலைந்து கை மாறலாம். ஒவ்வொரு முறையும் ஒரு ஒப்படைப்பு. கேள்வித்தாளில் பாதி மார்க்கூட வாங்காத அதே ஒப்படைப்பு.

இதைச் சரி செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கு. வட அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளில் ஷிஃப்ட் மாறும்போது சொல்ல வேண்டியதை ஒரே வரிசையில் சொல்ல வைத்தார்கள்: நோயாளி எவ்வளவு மோசம், என்ன நடந்தது, இனி என்ன செய்யணும், என்ன ஆனால் என்ன செய்யணும். கடைசியில், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும். 2014இல் வெளியான முடிவின்படி மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை.

செங்கல்பட்டு என்றாலே 2021 மே 4 ராத்திரி நினைவுக்கு வராமல் போகாது. கொரோனா இரண்டாம் அலையில் அந்த ஒரே இரவில் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். பற்றாக்குறையால் இறக்கவில்லை என்றது நிர்வாகம். வார்டில் நின்றவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்ததைப் பயமில்லாமல் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தால்தான் இந்த மாதிரி வாக்குவாதம் தீரும். இல்லையென்றால் யார் சத்தம் பெரிதோ அதுதான் நிற்கும்.

அப்போ தப்பு செஞ்சவங்களை விட்டுடலாமா?

கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் 'சிஸ்டம் சரியில்லைங்க' என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் வேண்டாம். ஆனால் குடித்துவிட்டு ஆபரேஷன் செய்கிறவரையும், தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு மருந்து பாட்டிலில் ஒன்றை மாற்றி எடுத்த நர்ஸையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றமும் இதையொட்டியே சொன்னது: மருத்துவர் மீது கிரிமினல் வழக்கு என்றால் அலட்சியம் படுமோசமானதாக இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, மருத்துவ அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. இந்தப் பிரிவில் மருத்துவர்களுக்குத்தான் தண்டனை உச்சவரம்பு குறைவு. மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு.

பயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். அடி விழும் என்ற பயத்தில் இருக்கிற டாக்டர், 'இங்கே ஒரு தவறு நடந்துபோச்சு' என்று குடும்பத்திடம் வாய் திறப்பாரா?

மத்திய அரசு 2018இல் வெளியிட்ட தேசிய நோயாளி பாதுகாப்புச் செயல் திட்டம் 2025 வரைக்குமானது. தவறுகளைப் பதிவு செய்யும் முறையை நாடு முழுக்க உருவாக்குவதும் அதில் இருந்தது. என்.ஏ.பி.எச். சான்றிதழ் வேண்டும் என்றால் மருத்துவமனைக்குள் அப்படி ஒரு பதிவேடு இருந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் யாரையாவது அட்மிட் செய்யும்போது, சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்காமல், நர்ஸிடம் மரியாதையாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: 'சிஸ்டர், இங்கே மருந்து மாறிப்போச்சுன்னா நீங்க யார்கிட்ட எழுதிக் கொடுப்பீங்க?'