பெரிய பிரேக்கா, சஸ்பென்ஷனா: காசை முதல்ல எங்க போடணும்?

பிளேஸ்மென்ட் ஆஃபர் கையில வந்த உடனே நம்ம பசங்க பாதிப் பேர் செகண்ட் ஹேண்ட் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஐ20 என் லைன், அபார்த் புன்டோன்னு தேட ஆரம்பிச்சிடறாங்க. நம்ம பட்ஜெட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா அதுதான். வண்டி வந்த அடுத்த வாரமே கேள்வி வரும்: "மச்சி, முதல்ல பெரிய பிரேக் கிட் போடவா, இல்ல வண்டியை இறக்கி சஸ்பென்ஷன் பண்ணவா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். டயர் முதல். கம்பெனி கொடுத்த பிரேக்கைப் புதுசு மாதிரி ஆக்குறது ரெண்டாவது. டேம்பரும் புஷ்ஷும் மூணாவது. பெரிய பிரேக் கிட் கடைசி, தூத்துக்குடி ரோட்டுல மட்டும் ஓட்டுறவங்களுக்கு அது தேவையே இல்லை. இது எனக்குப் பிடிச்ச வரிசைங்கிறதால சொல்லல, கணக்கு அப்படித்தான் வருது.

பிரேக் சக்கரத்தை மட்டும்தான் நிறுத்தும். காரை நிறுத்துறது டயருக்கும் ரோட்டுக்கும் இடையில இருக்கிற பிடிப்பு. காய்ஞ்ச ரோட்டுல பெடலை ஓங்கி மிதிச்சா ஏபிஎஸ் கடகடன்னு அடிக்குதா? அப்போ உங்க பிரேக் டயர் தாங்குறதைவிட அதிக விசையை ஏற்கெனவே கொடுத்துட்டு இருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல ஆறு பிஸ்டன் காலிப்பர் மாட்டினாலும் நிற்கிற தூரம் பெருசா குறையாது. நம்ம கடல்ல முத்துக்குளிச்ச காலத்துல (கடைசியா 1961-ல நடந்தது) காலில் கல்லைக் கட்டித்தான் இறங்குவாங்க, ஆனா மேல வர்றது கயிற்றாலதான். அந்தக் கயிறு மாதிரிதான் டயர். அதைப் பார்க்காம கல்லைப் பெருசாக்கி என்ன பண்ண?

"வெப்பம் ஏறி பிரேக் ஃபேட் ஆகுமே?" நல்ல கேள்வி, போட்டுப் பார்ப்போம். 1,100 கிலோ கார், மணிக்கு 100 கி.மீ. வேகம். இயக்க ஆற்றல் சுமார் 425 கிலோஜூல். அதுல 70 சதவீதம் முன் டிஸ்க்குகளுக்குப் போகுது, ஒரு டிஸ்க் 5 கிலோன்னு வெச்சுக்குவோம். ஒரு தடவை முழுசா நிறுத்தினா டிஸ்க்கோட வெப்பநிலை ஏறக்குறைய 65 டிகிரி ஏறும், அவ்வளவுதான். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலயோ சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலயோ ஆறவே விடாம லேப் மேல லேப் அடிச்சா இது நூற்றுக்கணக்கான டிகிரிக்குப் போகும். அங்கே பெரிய டிஸ்க்குக்கு நிச்சயமா வேலை இருக்கு. மதுரை நாலுவழிச் சாலையில எத்தனை தடவை அப்படி நிறுத்தப் போறீங்க? நம்ம ஊர் மேசை மாதிரி தட்டையான ஊர். மலை இறங்கணும்னா கொடைக்கானல் பக்கம் போகணும், அங்கேயும் லோ கியர்ல இறங்கினாலே பாதி வேலை முடிஞ்சுது.

நம்ம பிரேக்குக்கு உண்மையான எதிரி வெப்பம் இல்ல, கடல் காத்து. காலிப்பர் ஸ்லைடு பின் உப்புல இறுகிப் போச்சுன்னா ஒரு பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஃப்ளூயிட்டோட குறைந்தபட்சக் கொதிநிலை புதுசுல 230 டிகிரி, ஈரம் ஏறின பிறகு 155-தான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாத்த ஆகிற செலவு, நாலு பேர் புரோட்டா கடைக்குப் போய் வர்ற பில்லைவிட ரொம்ப அதிகமா இருக்காது. போலோவுக்குப் பின்னாடி டிரம் பிரேக். "டிஸ்க் இல்லையே"ன்னு வருத்தப்படுறதுக்கு முன்னாடி அந்த டிரம்மைக் கழற்றி, சுத்தம் பண்ணி, அட்ஜஸ்டர் வேலை செய்யுதான்னு பாருங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல மூழ்கின வண்டியை வாங்கியிருந்தா இது கட்டாயம்.

முன்னாடி மட்டும் பெரிய பிரேக் மாட்டினா வேற சிக்கலும் உண்டு. முன்-பின் பிரேக் விகிதம் மாறும். பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளுற ஆயில் பெரிய பிஸ்டனுக்குப் பத்தலன்னா பெடல் ஆழமா போகும். ஏபிஎஸ்-ஐ கம்பெனி டியூன் பண்ணினது பழைய பிரேக்குக்கு, உங்க புது கிட்டுக்கு இல்ல.

இப்போ சஸ்பென்ஷன். "சஸ்பென்ஷன்னா திருப்பத்துக்கு, பிரேக்குன்னா நிறுத்துறதுக்கு"ன்னு பிரிச்சுப் பேசறோம் பாருங்க, அதுதான் தப்பு. திருச்செந்தூர் ரோட்டுல முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி வழியா போற ரூட்டை நினைச்சுக்குங்க. ஒட்டுப்போட்ட தார், பாலத்து ஜாயின்ட், திடீர்னு வேகத்தடை. தேய்ஞ்ச டேம்பரோட அதுமேல பிரேக் அடிச்சா சக்கரம் துள்ளும். துள்ளுற நேரத்துல டயருக்குப் பிடிப்பு இல்ல, சக்கரம் லாக் ஆகப் பார்க்கும், ஏபிஎஸ் பிரஷரை விடும். நீங்க முழு பலத்தோட மிதிச்சும் வண்டி நழுவிப் போயிட்டே இருக்கும். நல்ல டேம்பர் டயரை ரோட்டோட ஒட்ட வைக்குது, அதனால அதுவும் ஒரு பிரேக் அப்கிரேடுதான். லோயர் ஆர்ம் ரப்பர் புஷ்ஷும் அப்படியே: அது கிழிஞ்சிருந்தா பிரேக் பிடிக்கிறப்போ ஸ்டீயரிங் ஆடும்.

ஆனா சஸ்பென்ஷன் பண்றேன்னு லோயரிங் ஸ்பிரிங் போட்டு வண்டியை இறக்கிடாதீங்க. டிராவல் குறைஞ்சு பம்ப் ஸ்டாப்புல இடிச்சா, சக்கரம் மறுபடியும் துள்ளத்தான் செய்யும். இன்ஸ்டாவுல அழகா இருக்கும், வேகத்தடையில அடிவயிறு உரசும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம் இருக்கு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்த முடியாதுன்னு உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில சொல்லிடுச்சு. அதே அளவுல, அதே உயரத்துல நல்ல டேம்பர் போடுங்க, போதும்.

"டேய், இவ்வளவு லாஜிக் பார்த்தா அப்புறம் கார்ல என்னடா கிக்கு?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆசை தப்பில்ல, எனக்கும் அந்த சிவப்புக் காலிப்பர் பிடிக்கும். டிராக் டேக்குப் போறவங்க தாராளமா போடட்டும். என் சண்டை, "பெரிய பிரேக் இருக்கு, இனி எவ்வளவு வேகமானாலும் போகலாம்"ங்கிற நம்பிக்கையோட மட்டும்தான்.

அந்த நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு இருக்கு. உராய்வுக் கெழு 0.8, நம்ம மூளைக்கு ஒரு விநாடி. மணிக்கு 80-ல போனா நிற்க சுமார் 54 மீட்டர் வேணும், 100-ல போனா 77 மீட்டர். வித்தியாசம் 23 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு நாற்பதடி கன்டெய்னர் நீளம். எந்த பிரேக் கிட்டும் அந்த 23 மீட்டரைத் திருப்பித் தராது. 80-ல வந்தவன் நின்னுட்ட அதே இடத்துல, 100-ல வந்தவன் இன்னும் சுமார் 69 கி.மீ. வேகத்துல போயிட்டிருப்பான்.

அந்த இடத்துல யார் இருப்பாங்கன்னு யோசிங்க. விடியுறதுக்கு முன்னாடி உப்பளத்துக்கு சைக்கிள்ல போற அண்ணன், ஷேர் ஆட்டோவுல இருந்து இறங்குற அக்கா, ஹார்பர் ரோட்டு ஓரத்துல டெயில் லைட் இல்லாம நிக்கிற டிரெய்லர். உங்க காலிப்பர் என்ன கலர்னு அவங்களுக்குத் தெரியாது. உங்க டயர்ல எவ்வளவு டிரெட் மிச்சம் இருக்குங்கிறதுதான் அவங்களுக்கு முக்கியம்.

அதனால வர்ற லீவுல இதைப் பண்ணுங்க. டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்க, தயாரிச்ச வாரமும் வருஷமும் அதுல இருக்கும். டிரெட் தேய்ஞ்சிருந்தாலோ ரப்பர் வெடிச்சிருந்தாலோ மாத்துங்க. பேட் தடிமன், ஃப்ளூயிட், ஸ்லைடு பின், டேம்பர்ல ஆயில் கசிவு, எல்லாத்தையும் மெக்கானிக் அண்ணனோட பக்கத்துல நின்னு பாருங்க. எல்லாம் சரியாகி, அதுக்கப்புறமும் கையில காசு மிச்சம் இருந்தா சொல்லுங்க, சிவப்புக் காலிப்பரைப் பத்திப் பேசலாம்.