பூச்சி இல்லாத தண்ணீர் நல்ல தண்ணீரா?

வாய்க்கால் தண்ணீர் தெளிந்திருந்தால் நல்லது, அதில் புழு பூச்சி நெளிந்தால் கெட்டது என்று கருதுவது கிராமங்களில் வழக்கம். குடிநீருக்கு இது பொருந்தும். பாசன நீருக்குப் பொருந்தாது. ஓடையிலும் ஏரியிலும் இருந்து வந்த பூச்சிகள் காணாமல் போவதுதான் விவசாயி கவலைப்பட வேண்டிய செய்தி. எந்த உயிரினம் இருக்கிறது, எது மறைந்தது என்று கவனித்து வருபவர், தண்ணீர் கெடுவதை நாற்று கருகும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

இதற்குக் காரணம் உண்டு. பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் தண்ணீர், பிடித்த அந்த வேளையின் நிலையை மட்டுமே காட்டும். இரவில் கழிவைத் திறந்துவிட்டு, பகலில் மதகை மூடிவிட்டால் பாட்டிலில் ஒன்றும் தெரியாது. ஆனால் தட்டாம்பூச்சியின் குஞ்சு, இறக்கை முளைக்கும் வரை வாரக்கணக்கில், சில வகைகளில் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வாழ்கிறது. அது வேறு இடத்துக்குப் பறந்து தப்ப முடியாது. ஒரே இரவு விஷம் வந்தாலும் மடிந்துவிடும். எனவே கடந்த பல வாரங்களின் கணக்கை அது சொல்கிறது.

நீரில் வாழும் சிற்றுயிர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை, கெட்ட நீரைத் தாங்காதவை. வாலில் இரண்டு அல்லது மூன்று இழைகளுடன் கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு நாள் பூச்சியின் குஞ்சுகளும், மணலையும் குச்சியையும் ஒட்டிச் சிறு கூடு கட்டி அதற்குள் வாழும் புழுக்களும் இவ்வகையில் பெரும்பாலும் அடங்கும். இரண்டாவது வகை, ஓரளவு தாங்குபவை. தட்டான், ஊசித் தட்டான் குஞ்சுகளும், ஏரிச் சிப்பியும் இவ்வகை. மூன்றாவது வகை, எதையும் தாங்குபவை. சேற்றில் கொத்துக் கொத்தாக ஆடும் மெல்லிய சிவப்புப் புழுக்களும், கொசு போன்ற ஒருவகை ஈயின் இரத்தச் சிவப்பான புழுக்களும் இதில் சேரும். நம் இரத்தத்தில் இருப்பது போன்ற சிவப்புப் பொருள் இவற்றின் உடலிலும் இருப்பதால், பிராணவாயு குறைந்த சாக்கடையிலும் இவை பிழைக்கின்றன. மூன்று வகையும் கலந்திருந்தால் கவலையில்லை. சிவப்புப் புழு மட்டும் மிஞ்சினால் சாக்கடை கலக்கிறது என்று பொருள். அதுவும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இது வெறும் நாட்டுக் கணிப்பு அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்னும் இரு அறிஞர்கள் இம்முறைக்கு அடிப்படை இட்டனர். பின்னர் இங்கிலாந்தில், தாங்கும் சக்தி அறவே இல்லாத இனத்துக்கு 10, சேற்றுப் புழுவுக்கு 1 என மதிப்பெண் தரும் முறை வகுக்கப்பட்டது. அதை இந்திய நிலைமைக்கு ஏற்ப மாற்றி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீரை ஐந்து தரங்களாகப் பிரித்திருக்கிறது.

ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இது மிகவும் தேவை. பாலாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் கழிவால் நிலமும் கிணறும் கெட்ட கதை யாவரும் அறிந்தது. 1991-ல் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்புத் தேவைப்பட்டது. நிலம் உவர் பூத்தபின் நியாயம் கிடைக்க எத்தனை காலம் ஆகிறது என்பதற்கு இதுவே சாட்சி. செங்கல்பட்டு நகரை ஒட்டிய கொளவாய் ஏரியும் நகரக் கழிவுநீரால் பல ஆண்டுகள் கெட்டது. ஊர் பெரிதாகும்போது அடுத்த ஏரிக்கும் இதே கதி நேரலாம்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு கெட்டியான கொசுவலைத் துணியைச் சட்டத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஓடும் நீரில் வலையை எதிராகப் பிடித்து, அதன் முன்னே உள்ள மணலையும் கல்லையும் காலால் கலக்க வேண்டும். ஏரியானால் கரையோரச் செடிகளுக்குள் வலையை வீசி இழுக்கலாம். சிக்கியதை நீர் நிரப்பிய வெள்ளைத் தட்டில் கொட்டி, வகைகளை எண்ணிக் குறித்தபின் உயிரோடு திருப்பி விடலாம். கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு இடங்களில் ஒரே நாளில் பார்ப்பது முக்கியம். சாக்கடை நீரில் வெறுங்காலுடன் இறங்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் பூச்சிகளை அடித்துச் சென்றுவிடும்; அப்போது பார்த்துப் பயனில்லை. நவரை நடவு முடிந்தபின் தை, மாசியில் ஒரு முறையும், ஏரியில் நீர் இருந்தால் சொர்ணவாரிக்கு முன் ஒரு முறையும் பார்க்கலாம். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய நீரில் ஒரு நாள் பூச்சி இல்லாததற்குக் கடல் உப்பே காரணமாக இருக்கலாம். மலை ஓடைப் பூச்சிகளைச் சமவெளி ஏரியில் தேடுவதும் தவறு. உப்பின் அளவையும் உலோக நஞ்சையும் ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அங்கே எப்போது போக வேண்டும் என்பதைப் பூச்சி சொல்லும்.

பழியை நகரத்தின் மீதும் ஆலை மீதும் மட்டும் போட முடியாது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே நீர்ப்பூச்சிகளையும் நண்டு, இறால் இனங்களையும் கொல்லக்கூடியவை. தெளிப்பானை வாய்க்காலில் கழுவும் ஒவ்வொருவரும் புகையானைப் பிடித்துத் தின்னும் தட்டானை வயலிலிருந்து விரட்டுகிறார்கள். மருந்து அடித்த வயல்நீரை உடனே வடிப்பதும் அப்படித்தான்.

ஏரி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்தால் வேலை எளிதாகும். தேதி, இடம், கண்ட உயிர்கள் ஆகியவற்றை எழுதி வைத்து, குறைவு தெரிந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, நீர் மாதிரியுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்று வாயால் சொன்ன புகாரை அதிகாரிகள் எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். மூன்று ஆண்டுக் கணக்குள்ள நோட்டை அப்படி ஒதுக்க முடியாது. கணக்கு எழுதத் தொடங்க வேண்டிய காலம், ஏரி நன்றாக இருக்கும் இந்தக் காலமே. கெட்டபின் எழுதினால் ஒப்பிட எதுவும் இராது.