கல் காப்பாற்றப்பட்டது

நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில், மேலே செல்லச் செல்ல அகன்று, தலைகீழாய்க் கவிழ்த்த படிக்கட்டைப்போல் நிற்கும் கருங்கல் கட்டடம் ஒன்று உண்டு. மார்செல் பிராயர் வடிவமைக்க, விட்னி அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்துக்காக 1966இல் திறக்கப்பட்டது. 2014இல் விட்னி அங்குக் கதவடைத்துப் புதிய இடம் தேடிச் சென்றது. பின்னர் வேறு இரண்டு அருங்காட்சியகங்கள் அதில் வாடகைக்கு இருந்து வெளியேறின. 2023இல் ஏறத்தாழ 10 கோடி டாலருக்கு அதை வாங்க உடன்பட்ட சோதபீஸ் ஏல நிறுவனம், 2025 நவம்பரில் அங்கே கடை விரித்தது.

இதைக் கண்டித்து எழுதுவது எளிது. ஆனால் நியாயமாகச் சொல்வதென்றால், கட்டடம் பாழடையவில்லை. அதன் உட்புறத்தின் முக்கியப் பகுதிகளுக்கும் 2025 மே மாதம் நகர நிர்வாகம் பாரம்பரியப் பாதுகாப்பு வழங்கியது. காட்சிகளைக் காணக் கட்டணமும் இல்லை. பிறகு இழந்ததுதான் என்ன?

2008இல் விட்னிக்கு 13.1 கோடி டாலர் நன்கொடை வழங்கிய லெனார்ட் லாடர், இக்கட்டடத்தை நெடுங்காலம் விற்கலாகாது என்று நிபந்தனை விதித்திருந்தார். 2025 ஜூனில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, அதே கட்டடத்தில், அவருடைய சேகரிப்பிலிருந்த கிளிம்ட்டின் 'எலிசபெத் லெடரர் உருவப்படம்' 23.64 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. சில நாட்கள் எவரும் இலவசமாகப் பார்த்த ஓவியம் அது. இனி வாங்கியவர் மனம் வைத்தால்தான் பிறர் பார்க்க முடியும்.

புத்தகக் கடைக்கும் நூலகத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இது. இரண்டிலும் காசில்லாமல் புரட்டலாம். ஆனால் பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்து அதே நூலைத் தேடும் உரிமை நூலகத்தில் மட்டுமே உண்டு. மாணவனாய்ப் படித்த செய்யுளை இன்று வகுப்பில் நடத்தும்போது அது வேறொன்றாகத் தெரிகிறது. மாறியது செய்யுளன்று, நான். அதை எனக்கு உணர்த்துவதற்காக அது மாறாமல் காத்திருந்தது. ஓவியமும் அப்படிக் காத்திருக்க ஓர் இடம் வேண்டாமா?

ஆகவே அருங்காட்சியகக் கட்டடங்களை விற்கும்போது, ஓர் அறையிலேனும் சில படைப்புகள் விற்பனைக்கல்லாமல் நிலையாக இருக்க வேண்டுமென்று நிபந்தனை எழுதப்பட வேண்டும். கல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு தர முடிந்த சமூகத்தால், திரும்பி வருபவருக்கும் அதைத் தர முடியும்.