அம்மா கவலைப்பட்டதாலயா?

"பிள்ளைத்தாச்சி கவலைப்படக்கூடாது, பிள்ளையைப் பாதிக்கும்" என்று எங்கட வீடுகளில சொல்லுவினம். பாதிக்கும்தான். தாயின் கோர்ட்டிசோலில் பெரும்பகுதியைச் சூல்வித்தகம் தடுத்துவிடும். அழுத்தம் நீண்டால் அந்தக் காவல் தளரும். எலி ஆய்வுகளில், குட்டியின் மூளை குளுக்கோசைப் பயன்படுத்தும் விதமே மாறியிருக்கு.

ஆனால் இதைத் தாயின் குற்றமாக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் உறைமழைப் புயலடித்து, சில வீடுகளில் வாரக்கணக்காக மின்சாரமில்லை. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். மொழித்திறன் குறைவோடு ஒட்டிவந்தது தாய் எவ்வளவு மனமுடைந்தாள் என்பதல்ல. எத்தனை நாள் இருட்டில் கிடந்தாள் போன்ற வெளிக் கஷ்டங்கள்தான்.

2022இல எங்களுக்கும் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. காஸ் கியூவில வயிற்றோட நின்றவர்களிட்ட "யோசிக்காதேங்கோ" என்று சொன்னதுக்கு, முன்னுக்கு விட்டிருக்கலாம்.